ஜட்ஜுக்கு ஒத்திகை

சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். வீட்டில் இருக்கும் தம்பி பொழுதெல்லாம் அக்கா அக்கா என்று கூப்பிட, அது படியிறங்கித் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வேலையிடம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தம்பிக்கு ஜட்ஜ் என்று பட்டப்பெயர். முன்நெற்றியில் வழுக்கை ஏறத் தொடங்கிவிட்ட ஆள். எதைப் பார்த்தாலும் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுவான். செருப்புகள் ஜோடியாகக் கிடந்தால் 'சரி.' ஒன்று கவிழ்ந்திருந்தால் 'தப்பு.' பஸ் தாமதமாக வந்தால் தப்பு, சீக்கிரம் வந்தாலும் தப்பு. கீழ்வீட்டுக்காரர் மீசையை மழித்துக்கொண்டு வந்த அன்று படிக்கட்டிலேயே அவரை நிறுத்தித் 'தப்பு' என்று சொல்லிவிட்டான். அவர் திரும்பவும் மீசை வளர்த்ததற்கு அதுதான் காரணம் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவின் வேலை மடிப்பு. பெரிய ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் உருளை இஸ்திரியிலிருந்து சூட்டோடு வந்து விழும். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை எதிரில் நிற்பவள் பிடிக்க, உதறி, நீட்டி, நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நாள் முழுக்க இரண்டு பெண்கள் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துகொண்டும் விலகிக்கொண்டும் இருப்பார்கள். சூட்டுக்கும் சோப்புக்கும் விரல் நுனிகள் வழுவழுவென்று தேய்ந்துவிடும். அக்காவுக்கு எதிர்முனை பிடிப்பவள் வாய்த்துடுக்குக்காரி. வருடக்கணக்கில் எதிரும் புதிருமாக நடந்ததில் ஒருவர் முகம் மற்றவருக்கு மனப்பாடம்.

அக்காவுக்கு அரை ஷிப்டு. மதியச் சங்கு ஊதியதும் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். மற்ற பெண்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை அவர்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அது இருந்ததால்தான் அரைச் சம்பளம் போதுமானதாக இருந்தது. அரசாங்கம் கொடுத்தது பணத்தை என்று அக்கா நினைத்ததில்லை. அவளுடைய மதியங்களைத்தான் அது அவளுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் எதற்கும் ஒத்திகை உண்டு. ஆரம்பித்து வைத்தது அம்மா. ஜட்ஜ் சின்னப் பையனாக இருந்தபோது முடிவெட்டும் கடையில் ஒரு கலவரமே நடந்தது. கடைக்காரர் கடிபட்ட கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தப் பக்கமே கூட்டிட்டு வராதீங்கம்மா" என்று கும்பிட்டார். வீட்டுக்கு வந்த அம்மா ஒரு வாரம் யோசித்தாள். பிறகு சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அவன் கழுத்தில் துண்டைக் கட்டி, கையில் சீப்பை வைத்துக்கொண்டு வாயாலேயே 'கிச் கிச்' என்று கத்தரிக்கோல் சத்தம் கொடுத்தாள். தினமும் கொடுத்தாள். கடைசியில் ஒரு நாள் நிஜக் கடைக்குக் கூட்டிப்போனபோது பையன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். முடித்ததும் கடைக்காரரிடம், "சத்தம் தப்பு" என்று மட்டும் சொன்னான். அம்மா கொடுத்த சத்தத்தோடு அது ஒத்துப்போகவில்லை.

அன்று பிடித்துக்கொண்டதுதான். பல் டாக்டர், பஸ் பயணம், கல்யாண வீடு, விருந்தாளி வருகை, எதுவானாலும் முதலில் சமையலறையில் நடக்கும், அப்புறம்தான் உலகத்தில். தப்பாகச் செய்தால் அம்மா விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டினால் முதலிலிருந்து. திட்டு கிடையாது, அலுத்துக்கொள்வதும் கிடையாது. அது அம்மாவின் சட்டம்.

தன் சாவுக்குக்கூட அவள் ஒத்திகை பார்த்தாள். நோய் முற்றிய பிறகு, கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாள். ஜட்ஜ் வந்து நின்று, "அம்மா எந்திரிக்க மாட்டாங்க. அக்கா இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். அவன் வார்த்தையை விட்டுவிட்டால் செத்துக்கிடக்கும் அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். அக்கா கதவோரம் நின்று அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொள்வாள். நிஜமாக நடந்த அன்று அவன் ஒரு வார்த்தை பிசகவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே நின்றான். ஒத்திகையில் அம்மா ஒவ்வொரு தடவையும் எழுந்து, "சரிடா கண்ணா" என்று சொல்லியிருந்தாள். அதற்காக நின்றான்.

அம்மா ஒத்திகை பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அவனுக்குப் பதினெட்டு வயதானபோது, பெரியவர்களுக்கான உதவித்தொகைக்காக முதன்முதலில் டாக்டரிடம் காட்டப் போன நாள். அங்கே என்ன கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே போன வேகத்தில் ஜட்ஜ் மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டான். டாக்டர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார், நிமிர்ந்து கையெழுத்துப் போட்டார். உதவித்தொகை கிடைத்துவிட்டது. ஆனால் அம்மா வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சொல்லிக் கொடுக்காமக் கூட்டிட்டுப் போயிட்டேனே. பிள்ளைய நாலு பேருக்கு முன்னாடி அப்படி ஆக்கிட்டேனே."

அந்த அழுகை அக்காவுக்கு மறக்கவில்லை. அதனால்தான், இத்தனை வருடம் கழித்து மறுமதிப்பீட்டுக்கு நேரில் வரச் சொல்லி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து தபால் வந்ததும், அவள் ஏற்கெனவே போய்வந்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்தாள். என்ன கேட்கிறார்கள், எந்த வரிசையில் கேட்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டு வந்தாள். காலண்டரில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. அதிகாரி என்று தெரிய வேண்டுமே, அம்மாவின் பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"யாரோட வந்தீங்க?"

"அக்காவோட வந்தேன்."

"எதுல வந்தீங்க?"

"பஸ்ல வந்தேன். ஜன்னல் சீட்டு."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி, முட்டை."

"உடம்பு சரியில்லன்னா என்ன செய்வீங்க?"

"அக்காகிட்ட சொல்லுவேன்."

"வீட்டுல தீப்பிடிச்சா?"

"வெளிய போய்ப் பக்கத்து வீட்டுல சொல்லுவேன்."

முதல் நாட்களில் மேசை நிறையத் தட்டு வாங்கியது. போகப் போகக் குறைந்தது. குறிப்பிட்ட நாளில் ஜட்ஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு போய், வணக்கம் மேடம் என்று ஆரம்பித்து, கடைசி வரை பிசிறில்லாமல் சொல்லிவிட்டு எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வந்தான். கேள்வி கேட்ட பெண்மணிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"ரொம்ப அருமையா வளர்த்திருக்கீங்கம்மா."

"எங்கம்மா வளர்த்ததுங்க," என்றாள் அக்கா. வரும் வழியில் இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அம்மா இருந்து பார்க்கவில்லையே என்பது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குக் குறை.

அடுத்த மாதம் தபால் வந்தது. மேற்படி நபர் தமது அன்றாடத் தேவைகளைத் தாமே உணர்ந்து நடந்துகொள்ளும் நிலையில் இருப்பதாகத் தெரியவருவதால் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது என்று இருந்தது. அக்கா அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்துப் பார்த்தாள். இரண்டிலும் அதேதான்.

மறுநாள் விரிப்பு உதறும்போது எதிர்முனைக்காரியிடம் சொன்னாள். அவள் விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"அடி அக்கா, உனக்கு மூளை எங்க போச்சு? இது ஃபெயில் ஆகவேண்டிய பரீட்சைடி. நீ டியூஷன் வச்சுப் பாஸ் பண்ண வச்சிருக்க!"

"அசிங்கப்படக் கூடாதேன்னு பார்த்தேன்."

"மொத மார்க்கு வாங்கிக் குடுத்திட்ட. போ, மெடல் வாங்கி மாட்டிக்க."

பின்னால் விரிப்புகள் குவிந்துகொண்டிருந்தன. "என்ன, ரெண்டு பேரும் கொடி ஏத்தறீங்களா?" என்று மேற்பார்வையாளர் கத்தினார். இருவரும் நடந்துவந்து முனை சேர்த்தார்கள். கிட்டே வந்த நொடியில் எதிர்முனைக்காரி குரலைத் தாழ்த்தி, "மேல்முறையீடு பண்ணலாம். என் நாத்தனார் வீட்டுல பண்ணினாங்க. நாளாகும்" என்றாள்.

நாளானது. அதுவரை சாப்பிட வேண்டுமே. அக்கா முழு ஷிப்டுக்கு மாறினாள். மதியச் சங்கு ஊதும்போது மற்ற அரை ஷிப்டுப் பெண்கள் ஏப்ரனைக் கழற்றுவதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஜட்ஜ் தனியாக இருப்பதற்கும் ஒரு ஒத்திகை நடந்தது. சாப்பாடு மூடியிருக்கும், எடுத்துச் சாப்பிட வேண்டும். யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது. ஒத்திகையில் அவள் வெளியே நின்று, பால்காரர் குரலிலும் கீழ்வீட்டம்மா குரலிலும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் திறக்கவில்லை. சரி.

ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவசரத்தில் திறந்த குழாயை மூடாமல் அவள் வேலைக்குப் போய்விட்டாள். மதியம் தண்ணீர் வந்தது. தொட்டியில் பாத்திரம் அடைத்துக்கொண்டு, வழிந்து, சமையலறை நிரம்பி, படிக்கட்டில் இறங்கியது. கீழ்வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கதவை இடி இடியென்று இடித்தார்கள். உள்ளேயிருந்து "தப்பு, தப்பு" என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் அக்கா ஓடிவந்து திறந்தபோது, கணுக்கால் தண்ணீரில், காதைப் பொத்திக்கொண்டு, சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். தொண்டை கட்டிக் குரல் போய்விட்டிருந்தது. குழாய் எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. கதவைத் திறக்காதே என்று சொல்லியிருந்தாள்; குழாயை மூடு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

ராத்திரிச் சமையலுக்கு நேரமில்லாமல் தண்ணீரை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தவள், இதையாவது அலுவலகத்துக்கு எழுதிப் போடலாம் என்று நினைத்தாள். போட்டாள். குழாயை மூட மறப்பது எவருக்கும் நேரக்கூடியதே என்று அங்கே சொன்னார்கள். சொன்னவரையும் குறை சொல்ல முடியாது. மறந்தது அவள்தானே.

ஒருவழியாக மேல்முறையீட்டுக்குத் தேதி வந்தது.

"இந்தத் தடவ உன் ஒத்திகை, கித்திகை எல்லாம் மூட்ட கட்டி வை," என்றாள் எதிர்முனைக்காரி. "அழுக்குச் சட்டையப் போடு. முந்தின நாளு தூங்க விடாத. பேசாமக் கூட்டிட்டுப் போ, மிச்சத்த அவனே பாத்துக்குவான்."

"எப்படிடி?"

"எப்படின்னா? நீ நல்லவன்னு பேரெடுக்கப் போறியா, பணம் வாங்கப் போறியா?"

அக்கா ஒத்திகை வைக்கவில்லை. ஆனால் தேதி வந்தது ஜட்ஜுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. காலண்டரில் வட்டம் இல்லாவிட்டாலும், தபாலை அவன் பார்த்திருந்தான். அவனே பேனாவை எடுத்து வட்டம் போட்டான். நாற்காலிகளை மேசைக்கு இரண்டு பக்கமும் போட்டான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்தான்.

"அக்கா, ஒத்திகை."

"நாளைக்குடா."

நாளையும் அதேதான். அதற்கு மறுநாளும். அவன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். உள்ளங்கையால் தொடையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். வட்டம் இருக்கிறது, ஒத்திகை இல்லை. அவன் உலகத்தில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஐந்தாம் நாள் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முழு ஷிப்டு முடித்து வந்த உடம்பு. பாதிக் கண் சொருகியிருந்தது. யாரோட வந்தீங்க என்று கேட்டாள், அக்காவோட வந்தேன் என்றான். அடுத்து எதுல வந்தீங்க என்று கேட்க வேண்டும். தூக்கத்தில் அதை விட்டுவிட்டு, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றாள்.

"பஸ்ல வந்தேன். ஜன்னல் சீட்டு."

அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து, நிதானமாக, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தான். அவள் மேசையைத் தட்டினாள். தப்பு தன்னுடையது என்றாலும் தட்டினாள். முதலிலிருந்து ஆரம்பித்து, இந்தத் தடவை ஒன்றும் விடாமல் கேட்டாள்.

அன்று பார்த்ததை அவள் எதிர்முனைக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் விரிப்பு உதறும்போதும் நடக்கும்போதும் அது செருப்புக்குள் புகுந்த கல்லைப்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

மேல்முறையீட்டு அறையில் ஒரு நீள மேசை. ஒரு அதிகாரி, ஒரு டாக்டரம்மா, ஓரத்தில் தட்டச்சு செய்யும் ஒரு பெண். வெளியே பெஞ்சில் கூட்டம் நெரிந்தது. அதிகாரி முதுகுவலிக்காரர் போல. நாற்காலியில் தலையணை வைத்திருந்தார். ஜட்ஜ் வணக்கம் சொல்லி உட்கார்ந்தான். கேள்விகள் அதே வரிசையில் வந்தன. பதில்களும் வந்தன. பஸ், ஜன்னல் சீட்டு, ரொட்டி, முட்டை. தீப்பிடித்தால் வெளியே போவான்.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். அலுப்புதான், கோபம் இல்லை. "நல்லாத்தானேம்மா பதில் சொல்றாரு? தீப்பிடிச்சா வெளிய போவேன்னு தெளிவாச் சொல்றாரே."

"சொல்லுவான் சார். போகமாட்டான்."

"அத நாங்க எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த பைல் ஏற்கெனவே மேசைமேல் இருந்தது. ஜட்ஜ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்ட முகம், ஐஸ்கிரீம் முகம். அம்மா ஒரு சீப்பை வைத்து ஆரம்பித்ததை எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலைத்துவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. கலைக்காவிட்டால் மதியங்கள் போய்விடும் என்றும் தெரிந்தது.

"சார்," என்றாள். "கேள்விய மாத்திக் கேளுங்க."

"என்ன?"

"கடைசியில கேட்டத முதல்ல கேளுங்க. வரிசைய மாத்துங்க."

அதிகாரி தோளைக் குலுக்கினார். "சரி. வீட்டுல தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"

"அக்காவோட வந்தேன்."

தட்டச்சுப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லன்னா?"

"பஸ்ல வந்தேன். ஜன்னல்..." ஜட்ஜ் நிறுத்தினான். ஏதோ பிசகிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. அக்காவின் கையைப் பார்த்தான். அது மேசைமேல்தான் இருந்தது. தட்டினால் போதும், முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம். அக்கா கையை மடியில் இறக்கிக்கொண்டாள்.

அவனே மேசையைத் தட்டினான். "தப்பு." மறுபடி தட்டினான். "தப்பு. தப்பு." தட்டுவது அடிப்பதாயிற்று. தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. டாக்டரம்மா, "போதும் சார், போதும்" என்று எழுந்தாள். அதற்குள் ஜட்ஜ் மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டுவிட்டான். இப்போது உடம்பு பெரிதாகிவிட்டதால் முழுக்க அடியில் கொள்ளவில்லை. முதுகு வெளியே தெரிந்தது.

அவர்கள் பக்கத்து அறைக்குப் போய் அடுத்தவரை விசாரித்தார்கள். தட்டச்சுப் பெண் போகும்போது விளக்கில் பாதியை அணைத்துவிட்டுப் போனாள். அக்கா தரையில் உட்கார்ந்து அவன் முதுகு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வெளியே வர வெகு நேரமானது.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு காலியாக இருந்தும் அவன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றான். இறங்கும் இடம் நெருங்கியபோது சொன்னான்:

"தப்பாக் கேட்டாங்க."

"ஆமாண்டா. அவங்க தப்பாத்தான் கேட்டாங்க."

"நீ தட்டல."

தட்டவில்லைதான்.

உதவித்தொகை திரும்ப வந்தது. சில வருடங்களில் மறுபடி மதிப்பீடு செய்யப்படும் என்று கீழே ஒரு வரி. எதிர்முனைக்காரி விரிப்பின் மறுமுனையிலிருந்து, "பாத்தியா! எங்க என் ஐஸ்கிரீம்?" என்று கூவினாள். அக்கா வாங்கிக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை. பல் கூசுகிறது என்றாள்.

மதியச் சங்கு ஊதியதும் ஏப்ரனைக் கழற்றி மாட்டினாள். வீட்டுக்குப் போனால், மேசைக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் போட்டிருந்தன. மூக்குக்கண்ணாடி துடைத்து வைத்திருந்தது.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுடா. இனி யாரும் கேக்க மாட்டாங்க."

"தப்பா முடிஞ்சுது."

அன்று தலைவலி என்றாள். அடுத்த நாள் துவைக்க வேண்டும் என்றாள். நாற்காலிகள் அப்படியே இருந்தன. அவன் கோபப்படவில்லை, தொடையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் வேலை முடிவதற்காகக் காத்திருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு மதியம், காலைக்கூடக் கழுவாமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாரோட வந்தீங்க?"

ஜட்ஜ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மேசைமேல் இருந்த அவள் கையைப் பார்த்தான்.

"ரொட்டி, முட்டை," என்றான்.

அவனுக்குப் பதில் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கண்ணை எடுக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அக்கா தேய்ந்த விரலை மடக்கி, முட்டியால், மேசையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"சரி," என்றான் ஜட்ஜ். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"யாரோட வந்தீங்க?"

"அக்காவோட வந்தேன்."